இரண்டும் இடது காதுக்கு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்டு எழுபத்திரண்டு நாளாகிறது, சுகமாகத்தான் இருப்பாய் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் போனில் அனுப்பும் செய்திக்கெல்லாம் வேலை அதிகம் என்று இரண்டு வார்த்தை அனுப்புகிறாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், போனில் வருவதைப் பாதியில் மூடிவிடுகிறவர்கள்கூட உறையைக் கிழித்துவிட்டால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாகக் கூப்பிட்ட அன்று நீ அம்மாவிடம் என்னவோ சொன்னாய். அதற்கு அவள் ரொம்ப சந்தோஷம்மா என்றாள். நீ போனை வைத்துவிட்டாய், அப்புறம் கூப்பிடவே இல்லை. நீ சொன்னது சந்தோஷப்படுகிற விஷயமாக இருந்திருக்காது என்பது இரண்டு நாளில் எங்களுக்கே புரிந்துவிட்டது. உன் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை குட்டிம்மா. ஒன்றரை வருஷமாகிறது. எதிரே நின்று உரக்கச் சொன்னால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், போனில் வெறும் இரைச்சல்தான். இரைச்சல் நிற்கிற இடமாகப் பார்த்து சரி, அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்று மூன்றையும் முறைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்த பிறகு நீ சொன்னதாக என்னிடம் சேதியும் சொல்வாள், எல்லாம் அவளே உண்டாக்கியது. போன வருஷம் மட்டும் உனக்கு இரண்டு பதவி உயர்வு கொடுத்திருக்கிறாள், போனிலாவது கேட்கிறதே என்று நம்பி நானும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தொலைத்துவிட்டேன். காது விஷயத்தை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதும் அவள்தான், ஆனால் காது கேக்கலைன்னு எழுதாதீங்க, லைன் சரியில்லைன்னு எழுதுங்க என்றாள். லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

உடனே காது மெஷின் வாங்குவது, நீ சொன்னதை அவளே தன் காதால் மறுபடி கேட்பது என்று முடிவு செய்தோம். கடையில் கேட்ட விலை என் மூன்று மாத பென்ஷன். ஆன்லைனில் ஒரு மாத பென்ஷனில் ஜோடியாகவே கிடைத்தது, நான் சறுக்கியது அங்கேதான். பெட்டி வந்தது. வலது காதுக்கானதில் சிவப்புப் புள்ளி, இடது காதுக்கானதில் நீலப் புள்ளி இருக்கும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. உள்ளே இரண்டும் நீலம். போதாததற்கு மாட்டினால் விசில் வேறு அடித்தது. விற்றவனுக்கு எழுதினேன். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் வலது காதுக்கும் பொருந்தும் என்று பதில் போட்டான். பொய் சொல்வானேன், திருப்பியும் பார்த்தோம். அம்மா அரைமணி நேரம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். படம் அனுப்பு என்றான், அனுப்பினேன். படத்தில் நீலம் தெரியவில்லை என்றான், வெயிலில் வைத்து எடுத்து அனுப்பினேன். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றான். கல்யாணத்துக்கே நான் வீடியோ எடுக்கவில்லை என்று எழுதினேன். அவன் கடை போட்டிருக்கிற ஆன்லைன் கம்பெனியைக் கூப்பிட்டேன். அங்கே ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் வணக்கம் சொல்லி முதலிலிருந்து கேட்பார். கடைசியில், பொருளை வாங்கிக்கொள்ள வீட்டுக்கே ஆள் வருவார், தயாராக வையுங்கள், பத்து நாளுக்குள் திரும்பினால் பணம் உண்டு என்றார்கள்.

என்னிடம் போய் தயாராக வை என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பெட்டியைப் பழைய போர்வைத் துணியில் வைத்து நாலு பக்கமும் நெருக்கித் தைத்தேன், தையல் மேல் அரக்கை உருக்கி ஐந்து இடத்தில் முத்திரை வைத்தேன், விலாசம் மையால் எழுதினேன். ரிட்டயரான பிறகு இவ்வளவு நேர்த்தியாக ஒரு பார்சல் என் கையால் ஆனதில்லை. வந்த தம்பி அதைப் பார்த்ததும், பிரிங்க சார், உள்ள இருக்கிற நம்பரைப் போட்டோ எடுக்கணும் என்றார். முத்திரை வைத்த பார்சலை விலாசதாரர்தான் பிரிக்கலாம் என்றேன். பிரிக்காம எடுத்தா என் சம்பளத்துல பிடிச்சிடுவாங்க சார் என்றார். எனக்கு அவர் மேல் கோபமில்லை, விதி விதிதானே என்றேன். அவரும் அதையே சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் தர மறுத்தார் என்று போனில் அழுத்திவிட்டுப் போனார். இரண்டாம் தடவை நானே தையலைப் பிரித்துக் காட்டினேன், போட்டோ எடுத்தார். ஆனால் மறுபடி தைக்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இருபது நிமிஷம் என்றேன். இன்னும் நாற்பது வீடு இருக்கு சார் என்று அவர் வண்டியை எடுத்துவிட்டார். அடுத்த நாள் விற்றவனிடமிருந்து சேதி, வாடிக்கையாளர் இரண்டு முறை மறுத்ததால் கோரிக்கை முடிக்கப்பட்டது. பத்து நாளும் முடிந்துவிட்டது. வம்பை விலை கொடுத்து வாங்கியது போதாதென்று அதைத் தைத்து அரக்கும் வைத்தவன் நான்தான். அம்மா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. நான் பேசியது அவளுக்குக் கேட்கவும் இல்லை, ஆகவே வீடு அமைதியாக இருந்தது.

அதன் பிறகு நாலு வாரம் தினமும் கம்பெனியோடு மல்லுக்கட்டினேன். அவர்கள் மரியாதைக்குக் குறைவில்லை. வருந்துகிறோம் என்பார்கள், இரண்டு நாள் பொறுங்கள் என்பார்கள், நானும் சரி என்று வைத்துவிடுவேன். ஒருநாள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். மறுமுனையில் இருந்தது ஒரு பெண். அம்மா கதையை முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பெண் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அம்மாவுக்குத்தான் கேட்கவில்லையே, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இப்படி ஐந்து தடவை. நடுவே நடுவே, நீ சொல்றது ஒண்ணும் எனக்குக் கேக்கலைம்மா, கேக்க வைக்கிற மெஷின் ரெண்டும் இடது காதுக்கு வந்திருக்கு, முடிச்சிட்டேன்னு எழுத்துல அனுப்பு, அதுவரைக்கும் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன் என்றாள். நாற்பத்தைந்து நிமிஷம். வைக்கவும் மாட்டாள், அதட்டவும் மாட்டாள். கடைசியில் என் போனில் சேதி வந்தது, மேலதிகாரி ஒப்புதல் கொடுத்துவிட்டாராம், திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தருவார்களாம். வருந்துகிறோம், பொறுங்கள் என்பதெல்லாம் கேட்கிற காதுள்ளவனுக்குத்தான் போலிருக்கிறது. மூன்றாம் தடவை அந்தத் தம்பி வந்தபோது அம்மா என்னைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டுத் தானே கத்தரிக்கோலால் தையலை வெட்டிப் பொருளைக் கையில் கொடுத்துவிட்டாள். ஐந்து நாளில் பணம் வந்தது. அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை சொல்லி, கடையிலேயே வாங்கினோம். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

மாட்டி வந்து எட்டு நாளாகிறது. நான் சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவேன் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாதாம். உன்னைக் கூப்பிடு என்றால் மட்டும் போனைத் தொட மாட்டேன் என்கிறாள். மறுபடியும் எதையாவது தப்பாச் சொல்லிட்டேன்னா என் புள்ளை என்னை என்ன நினைக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, எனக்குத் தாங்கவில்லை. அதனால் ஒத்திகை பார்க்கிறோம். நான் பின் அறைக்குப் போய் அங்கிருந்து அவளைப் போனில் கூப்பிட்டு, நீ பேசுவது போல ஏதாவது கெட்ட சேதி சொல்ல வேண்டும். வேலை போச்சும்மா என்றேன். போனா போகுது, கிளம்பி வா என்றாள். உடம்பு சரியில்லை என்றேன். கிளம்பி வா, நான் இருக்கேன் என்றாள். அவரோட சண்டை என்றேன், மாப்பிள்ளை இதைப் படித்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். அதற்கும் கிளம்பி வா. எனக்குச் சொல்ல வேறு எதுவும் தோன்றவில்லை, ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். சும்மாவா இருந்தாலும் கிளம்பி வா என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஆன்லைனில் எது வாங்கினாலும் பிரிக்கும்போது வீடியோ எடு. ஞாயிற்றுக்கிழமை நம் நேரத்துக்குக் காலை பத்து மணிக்கு மறக்காமல் கூப்பிடு. என்னைக் கேட்காதே, அம்மாவிடமே பேசு. அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து சொல். இந்த முறை அவள் என்ன சொன்னாலும், அது நீ சொல்வதைக் காதால் கேட்டுவிட்டுச் சொல்வது.

இவ்வளவும் எழுதியது,
உன் அப்பா