தண்ணி கேக்காத செடி

டிரைவர் சார்,

எழுந்ததும் உங்க கை பூவாளியைத்தான் தேடும்னு எனக்குத் தெரியாதா? அதான் இந்தச் சீட்டை அதோட கைப்பிடியிலயே கட்டியிருக்கேன். முதல்ல அதைக் கீழ வைங்க.

முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வருவார், மாடிச் சாவி ஆணியில தொங்குது. அபூர்வமா கிடைச்ச லீவாச்சேன்னு உங்களை எழுப்பாம கிளினிக் டூட்டிக்குக் கிளம்பிட்டேன்.

நேத்து "செடியைக் கொல்றீங்க"ன்னு கத்தினது கொஞ்சம் அதிகம்தான். ஆனா பால்கனியில இருக்கற அந்த கஸானியா பூச்செடி எவ்வளவு வறட்சியையும் தாங்கும், உங்க பாசத்தைத்தான் தாங்காது. அடி இலையெல்லாம் அழுக ஆரம்பிச்சாச்சு.

படுத்தப்புறம்தான் எனக்கே உறைச்சுது. அந்தப் பூ வெயில்ல விரியும், பொழுது சாஞ்சா மூடிக்கும். நீங்களோ முதல் பஸ்ஸை எடுக்க இருட்டுல போய், இருட்டினப்புறம் வர்றீங்க. அது விரிஞ்சு ஒரு நாள்கூட பார்த்ததில்லை. மூடின பூவைப் பார்த்து, ஐயோ பாவம் வாடுதேன்னு தினமும் ஊத்தியிருக்கீங்க!

வெயில் ஏறினதும் பால்கனிக்குப் போய்ப் பாருங்க. ஆரஞ்சு கலர்ல, உள்ளங்கை அகலத்துக்குச் சிரிக்கும்.

பி.கு: குழாய்க்காரரை பால்கனிப் பக்கம் விடாதீங்க, பூந்தொட்டியைத் தட்டி விட்டுடுவார்.

இன்னொண்ணு. சாயங்காலம் நான் உம்முன்னு உக்காந்திருந்தா உடனே "தண்ணி வேணுமா?"ன்னு கேக்கறீங்களே, எனக்கும் தண்ணி வேண்டாம். மத்தியானம் கிளினிக் வாசலுக்கு வாங்க. என்னையும் ஒரு தடவை பகல்ல பாருங்க.