அறுப்பின் பண்டிகைக்கு வைத்த நூக்கல்

அன்பு மகள் சுகாசினிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி கிளி பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் என்றால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், இதை அவள் முன்னால் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லையம்மா.

ஏனாத்தூர் குத்தகை நிலத்தில் இந்தத் தடவை நூக்கல் போட்டோம் இல்லையா, மார்கழிப் பனிக்குத் தளதளவென்று வந்தது. நீ அங்கே கடையில் எடுத்து அனுப்பிய போட்டோவில் நூக்கல் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு இருந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைச் சபையில் பீடத்துக்கு முன்னால் வைப்போமே, அந்த அளவு காயை வைத்து எல்லோரையும் வாய் பிளக்க வைக்க நினைத்தேன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் அறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பண்டிகைக்குப் போனவர், அந்த வீம்பும் உள்ளே இருந்தது. கையில அடங்குற அளவு வந்துடுச்சி, புடுங்கிடலாம், வுட்டா நாராயிடும்னு அம்மா மூன்று தடவை சொன்னாள். உனக்கு இன்னா தெரியும்னு வாயை அடைத்தேன். உன் ஊர் விதை வேறு, நம் விதை வேறு என்று எனக்குத்தான் தெரியவில்லை. இதில் உன் போட்டோ மேல் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்து நீ வருத்தப்படாதே.

காயைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள், போதகர்கூடத் தூக்கிப் பார்த்தார். விருந்துச் சாம்பாருக்கும் கூட்டுக்கும் அதையே போடச் சொன்னேன். அம்மா விடியற்காலையிலிருந்து சீவியிருக்கிறாள், தோல் கட்டை மாதிரி, கத்தி வழுக்கிக் கட்டைவிரலை வெட்டிவிட்டது. பந்தியில் ஒருத்தராலும் மெல்ல முடியவில்லை, இலை ஓரமெல்லாம் சக்கை. உன் ராமராஜன் மாமா சும்மா இருப்பாரா, இன்னா மச்சான், பல்லு குத்தறதுக்குக் குச்சியும் இதுலயே வச்சிக்கிறியேபான்னார். பந்தி மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எழுந்து நின்று, காயில ஒரு குறையும் இல்ல, எம் பொண்டாட்டி வடிவுக்குத்தான் சீவவும் தெரியல வேக வைக்கவும் தெரியலன்னு அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அம்மா கட்டுப்போட்ட விரலோடு சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலாம். வாய்க்கால் ஓரம் அவள் தனியாக நட்டிருந்த பிஞ்சு நூக்கலை நேற்றுப் பிடுங்கிக் கூட்டு வைத்தாள், இலையைக்கூட வீணாக்காமல் பொரியல். வெண்ணெயாக இருந்தது. முப்பது வருஷமாக என்னோடு வெயிலில் நின்றவளை நான் அப்படிச் சொன்னேனே என்று வெட்கமாக இருக்கிறதம்மா. சபைக்குப் போகிற வழியில் தலை நிமிரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எனக்கு இரண்டு நிமிஷம் வேண்டும் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் முன்னால் சொன்னேனோ அத்தனை பேர் முன்னால் காயைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். எனக்காக ஜெபம் பண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இதற்குள் அம்மா போன் பண்ணினால் உளறிவிடாதே. அதை அவள் முதலில் என் வாயால் கேட்கட்டும்.

உன் அப்பா,
முனிரத்தினம்