மாமனார் துப்பாக்கிக்கு ஒரு ஊசி

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து வேங்கிக்கால் முழுக்கக் கரண்ட் இல்லை. கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வந்தவர்கள் ஜெராக்ஸ் எடுக்க முடியாமல் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். மின்வாரியத்தையே நான்தான் நடத்துகிறேன் போல.

மதியம் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யமுனா, நெட்ல ஒண்ணு பாரு. அப்பா துப்பாக்கிக்கு ஊசி வேணும்" என்றார். மாமனார் மிலிட்டரியிலிருந்து வந்து லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த பழைய மாடல் பிஸ்டல். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு இவர் பெயருக்கு மாறியது. எலெக்‌ஷன் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கிவந்து பீரோவில் வைப்பார். அதற்கு நடந்த வேலை அவ்வளவுதான். உள்ளே குண்டின் பின்பக்கத்தில் போய் அடிக்கிற ஊசி எப்போதோ முனை ஒடிந்துவிட்டது. யாரும் கவலைப்படவில்லை.

"இப்ப எதுக்கு?"

"பொருள்னா வேலை செய்யணும்ல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

பொங்கல் கழிந்து, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் பார்க்க, அவருடைய கூடப் பிறந்த அண்ணன் அருணகிரி மூத்தார் செருப்பைக் கழற்றி இவரை அடித்தார். பொதுக் கிணற்றில் இன்றைக்கு யார் மோட்டார் ஓட்டுவது என்பதுதான் சண்டை. அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. குறட்டையும் நின்றுவிட்டது. கல்யாணமான நாளாக என்னைத் தூங்கவிடாத குறட்டை. இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

தேடுகிற மாதிரி தேடுகிறேன். ஸ்டாக் இல்லை என்றேன். இது வேற மாடலுக்கு வர்ற ஊசி, நம்முதுக்கு உட்காராது என்றேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸில் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்றேன். மட்டமான இரும்பாக இருந்தால் கையிலேயே வெடிக்குமாம் என்றும் சொன்னேன். அதை நானாகத்தான் சேர்த்தேன்.

"மட்டமானது வேணாம். நல்லதா பாரு. ஒரே தடவைன்னாலும் ஒழுங்கா அடிக்கணும்."

ஒரே தடவை.

அண்ணாமலையாரே.

பிப்ரவரி 8, சனி

லைசென்ஸை எடுத்துக்கொண்டு அவரே மெட்ராஸ் போய்வந்துவிட்டார். துப்பாக்கிக் கடையில் ஒரிஜினல் சாமானே கிடைத்ததாம். சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு இங்கிலீஷ் வீடியோ ஒன்றைப் போட்டார். "என்னா சொல்றான்னு சொல்லு."

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் மாட்டினார். என் வாயாலேயே ஆச்சு. தப்பாகச் சொல்லலாம் என்றால் படத்தில்தான் தெரிகிறதே. மாட்டி முடித்ததும் அந்த வெள்ளைக்காரன் கழற்றுவதையும் காட்டினான். அது நமக்கு வேண்டாம் என்று போனை வாங்கி அணைத்துவிட்டேன். ஆனால் பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அவர் குளிக்கப் போன நேரத்தில் கழற்றிவிட்டேன். குண்டு ஏதும் போடாமல்தான் வைத்திருந்தார். அவசரத்தில் ஊசி இரண்டு தடவை கீழே விழுந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லை. இதற்கா இவ்வளவு பயம்!

எங்கே போடுவது? கிணற்றில் போட்டால் இறங்கித் தேடுவார். கேட்டால் நான் சொல்லிவிடுவேன். என்னிடம் இருந்த பொய்யெல்லாம் போன வாரமே தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் கோயில் உண்டியல் ஞாபகம் வந்தது. சாமிக்குப் போனதை இவர் திரும்பக் கேட்க மாட்டார். ஒரு தடவை சில்லறையோடு வண்டிச் சாவியும் உண்டியலுக்குள் விழுந்தது. ஆபீசில் சொல்லிப் பார்க்கலாம் என்றேன். "அது அவருதாயிடுச்சு, விடு" என்று ஸ்பேர் சாவியை வைத்தே இன்றுவரை ஓட்டுகிறார்.

கோபுர வாசலில் சோதனை. கருவி கத்தியது. எல்லாருக்கும்தான் கத்துகிறது, எனக்குத்தான் உயிர் போயிற்று. பர்ஸைத் திறந்து பார்த்த போலீஸ் பொண்ணு, "என்னாம்மா இது?" என்றாள்.

"தையல் மிஷின் சாமான்ங்க."

"போங்க, போங்க, வழிய அடைக்காதீங்க."

போட்டுவிட்டேன். சில்லறை மேல் விழுந்த சத்தம் கேட்டது. சாமி கும்பிடக்கூட மறந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது கொஞ்சம் மூச்சு வந்தது. பெரிய தெரு திரும்பும்போதுதான் உறைத்தது: ஸ்பேர் சாவி.

இந்த மனுஷன் எதை ஒண்ணா வாங்கியிருக்கார்? ஃபேன் பெல்ட் ரெண்டு, டார்ச் ரெண்டு, கேஸ் லைட்டர்கூட ரெண்டு. ஐயோ, ஊசி?

பிப்ரவரி 11, செவ்வாய்

பீரோ, பரண், அரிசி டிரம் எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை. "என்ன தேடுற?" என்று வந்து நின்றார். கம்மல் திருகாணி என்றேன். உடனே டார்ச்சை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். தலையெல்லாம் ஒட்டடை. "கெடைக்கும், பதறாத" என்கிறார்.

இவரா ஆளைச் சுடப் போகிறார்? எனக்கு அழுகை வந்தது.

பிப்ரவரி 12, புதன்

பௌர்ணமி. கிரிவலம் போகவில்லை. போகாத பௌர்ணமியே கிடையாது அவருக்கு.

பிப்ரவரி 13, வியாழன்

அவர் இல்லை. வண்டி இல்லை. பீரோவில் துப்பாக்கியும் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். கடை திறக்கவில்லை. மூத்தாருக்குப் போன் போடலாம் என்றால் என்ன சொல்ல? உங்க தம்பி உங்களை— எப்படிச் சொல்ல?

அந்த இன்னொரு ஊசி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு சாமி.

அன்றே, விளக்கு வைத்த பிறகு

வந்துட்டார். உயிரோடு வந்துட்டார். வாசலிலேயே குந்தி வாந்தி எடுத்தார்.

"அழுத்திட்டேன், யமுனா."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

மோட்டார் ரூமில் மூத்தார் முதுகைக் காட்டிக் குனிந்து ஏதோ வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் வாசலில் நின்று, குண்டு போட்ட துப்பாக்கியை நேராகப் பிடித்து, அழுத்தியிருக்கிறார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அவன் திரும்பக்கூட இல்ல. 'ஸ்டார்ட்டர் விழுந்துடுச்சாடா?'னு கேட்டான். நான்னு தெரிஞ்சேதான் கேட்டான். 'ஆமாண்ணா'ன்னு சொல்லிட்டு, சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு வந்துட்டேன்."

மோட்டார் நின்று ஸ்டார்ட்டர் விழுந்தாலும் அதே 'டக்'தான். செருப்படிக்கு அப்புறம் அண்ணன் தம்பி பேசின முதல் பேச்சு அது.

"நான்தான் கழட்டினேன். உண்டியல்ல போட்டுட்டேன்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். என் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

துப்பாக்கியை ஒப்படைக்க மனு. நானே டைப் அடித்தேன். காரணம்: இனி தேவையில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

துப்பாக்கி போய்விட்டது. இனி எலெக்‌ஷன் முடிந்தாலும் திரும்பி வராது.

சாயங்காலம் கடையைச் சாத்தும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். பிரித்தேன். இன்னொரு ஊசி, எண்ணெய்ப் பசைகூடப் போகவில்லை.

"அன்னிக்கும் இது பையிலதான் இருந்துச்சு. மாட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்? நீயே கொண்டுபோய்ப் போட்டுடு. என்கிட்ட இருக்க வேணாம்."

இருவருமாகவே போனோம். போட்டுவிட்டு, இந்தத் தடவை நின்று கும்பிட்டேன்.

"ரெண்டுதானே வாங்கினீங்க?"

"ரெண்டுதான்."

இதோ, உள்ளே குறட்டை கேட்கிறது. கொடியில் தொங்குகிற அவருடைய சட்டைப் பைகளை எல்லாம் ஒரு தடவை துழாவிப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.