வாலுவின் அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

போனில் பேசினால் அம்மா என் தோளோடு தோளாக நின்று கேட்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

இன்று வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சுருட்டை உன் கடிதத்தை உரக்கப் படித்தாள். நான்கு பக்கம்! கல்லூரியில் படிக்கும் பழைய மாணவிகள் எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கடிதம் எழுதி வழிகாட்ட வேண்டும், சொந்தத் தங்கைக்கு மட்டும் கூடாது என்பது ஆலோசகர் மிஸ் போட்ட விதி. சரி, விதி விதிதான். ஆனால் என் பக்கத்து இடத்துக்காரிக்கா உன்னைக் கொடுக்க வேண்டும்?

"உங்க அக்காவுக்கு என்ன பாசம்டி! உனக்கும் இப்படித்தான் எழுதுவாங்களா?" என்றாள்.

"இதைவிட நீளமா" என்றேன். நீ எனக்குக் கடைசியாக எழுதியது ஆறு வரி. அதில் இரண்டு, உன் போர்வையை நான் தொடக்கூடாது என்பது.

விண்ணப்பத்தில் நிலவியலுக்கு உன் கல்லூரியைத்தான் முதலில் போடப் போகிறேன். "கல்லு பொறுக்கவா காலேஜு?" என்கிறார் அப்பா. துறை எப்படி, விசாரித்துச் சொல்.

வாலு


ஆகஸ்ட் 24

அன்புள்ள வாலுவுக்கு,

வயிற்றெரிச்சல் பிடித்தவளே, சுருட்டை வீட்டில் கல்லூரி வாசல் மிதித்தவர் யாருமில்லை. உனக்கு வீடு நிறைய ஆள். அவளோடு போட்டி போடாதே.

விசாரித்தேன். இங்கே நிலவியல் பேருக்குத்தான் இருக்கிறது. ஆய்வகம் எப்போதும் பூட்டு. விடுதித் தண்ணீரில் தலைமுடி கொட்டுகிறது. ஆற்றங்கரைக் கல்லூரிக்கு எழுது. உன் மதிப்பெண்ணுக்கு அங்கே தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

அம்மாவை அதிகம் கத்த விடாதே.

அக்கா


செப்டம்பர் 30

அக்காவுக்கு,

நீ சொன்னபடி விண்ணப்பத்தில் கல்லூரி வரிசையை மாற்ற மிஸ்ஸிடம் போனேன். வெளியே பெஞ்சில் சுருட்டை. அவளும் வரிசையை மாற்ற வந்திருந்தாள். உன் கல்லூரி, நிலவியல், முதல் இடம்! கல்லுக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவள்.

"உங்க அக்கா எழுதினதுல ஆசை வந்துடுச்சுடி" என்று உன் புதுக் கடிதத்தை நீட்டினாள். நிலவியல் ஆய்வகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமாம். பேராசிரியை பிள்ளைகளைக் குகைக்குள் அழைத்துப் போவாராம். இந்த ஊருக்கு வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறாயாம்.

அந்தத் தண்ணீரில் சுருட்டைக்கு மட்டும் முடி கொட்டாதா?

நான் மிஸ்ஸைப் பார்க்காமலே வந்துவிட்டேன். ஒன்றே ஒன்று சொல். அவள் வரலாம், நான் வரக்கூடாதா?

வாலு


அக்டோபர் 12

வாலு,

வரக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

உனக்கு இரண்டு வருடம் முன்னால் பிறந்தவள் நான். ஆனால் பள்ளியில் எனக்குப் பெயர் என்ன? "வாலுவோட அக்கா." பேச்சுப் போட்டியில் நீ ஜெயித்தால் எனக்குக் கை கொடுப்பார்கள். நான் கணக்கில் முதலாக வந்த அன்று, "சின்னவ இன்னும் கெட்டிக்காரியாச்சே" என்றார் அப்பா, இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே. நீ அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் உனக்கு எப்போதும் இருந்ததில்லை.

இங்கே உன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் ஒன்று சொன்னால் அதோடு நிற்கிறது. பக்கத்தில் வைத்து அளக்க எதுவுமில்லை. சுருட்டை வந்தால் நான் அவளுக்கு அக்காவாக இருப்பேன். நீ வந்தால் மறுபடி உனக்கு அக்கா ஆகிவிடுவேன்.

ஆய்வகம் நன்றாகவே இருக்கிறது. பொய் சொன்னேன். இனி உன் இஷ்டம்.

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கு,

ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். அடுத்த வாரம், விட்டுக்கொடுத்து விடலாம் என்று மனம் இளகியது. ஆற்றங்கரைக்கே போய்விட்டால் எவ்வளவு நல்ல தங்கை நான்! பாதியில் எனக்கே சிரிப்பு வந்தது. என்னை எனக்குத் தெரியாதா? உனக்காக அந்தக் குகையை விட்டேன் என்றால் நீ கிழவி ஆகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவேன். உன் பிள்ளைகளிடமும் சொல்வேன். அந்தப் பாவம் நம் இருவருக்கும் வேண்டாம்.

அதனால் நேற்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். முதல் இடத்தில் உன் கல்லூரி. "அக்கா இருக்காங்க, பாதுகாப்பு" என்று மிஸ் சந்தோஷப்பட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் யார் உன்னைப் புகழ்ந்தாலும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. சுருட்டை கையில் உன் எழுத்தைப் பார்த்தபோது வந்தது. அது இன்னும் போகவில்லை.

அங்கே யார் கேட்டாலும் உன்னைத் தெரியாது என்று சொல்லத் தயார்.

வாலு


நவம்பர் 17

வாலு,

தெரியாது என்றெல்லாம் சொல்லாதே. மூக்கு ஒரே மாதிரி, யாரும் நம்பமாட்டார்கள்.

இடம் கிடைத்தால் விடுதியில் கிழக்குக் கட்டடம் கேள். என் கட்டடத்தில் கேட்காதே. இந்த வருடம் பேச்சு மன்றத்தில் சேர்ந்திருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை. முதல் வருடம் அந்தப் பக்கம் வராதே. அதற்குப் பிறகு வா, பார்த்துக்கொள்ளலாம். தலையணை கொண்டு வா. இங்கே கொடுப்பது பாறை மாதிரி, உன் பாடத்துக்கு உதவும், தலைக்கு உதவாது.

கிடைக்காமல் போனால் நான் சந்தோஷப்படுவேன் என்று நினைக்காதே. கொஞ்ச நேரம் படுவேன். பிறகு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவேன், உன் பக்கத்தில் உட்கார.

அக்கா