ஒரு தவணை படித்தவன்

பென்டில் ஹில்,
ஞாயிறு

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்று இங்கே சிட்னியில் எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர்களின் உதைபந்தாட்டப் போட்டி. அணித்தலைவன் என் அறைத்தோழன் லதீஸ். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும், "நீதான்டா எங்கட கோல் கீப்பர்" என்று சொல்லியே என்னைப் பழக்கியவன். நேற்றுக் காலை பட்டியலில் என் பெயர் இல்லை. இங்குள்ள லீக் கோல் கீப்பர் தரவரிசையில் முதலாவதாக நிற்கும் ஒருவனைக் கூட்டி வந்திருந்தான். அவன் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு தவணை, மூன்று மாதம், படித்தவன்.

"அவனும் பழைய மாணவன்தானேடா" என்றான் லதீஸ்.

நான் தண்ணீர்ப் போத்தல்கள் தூக்கினேன். வென்றோம். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

லதீஸின் அம்மாவைக் கோயிலில் கண்டால் ஒன்றும் கேட்காதீர்கள். பார்சலில் இம்முறை மிளகாய்த்தூள் அரைக் கிலோ போதும். அறை மாறிவிட்டேன், இனி ஒருவருக்குத்தான் சமையல்.

ஸ்டேஷனில் இருந்துதான் எழுதுகிறேன், ரயில் வருகிறது.

யதுஷன்