இடது பிரேக்

ஜனவரி 4, ஞாயிறு

பனி. பழைய கலங்கரை விளக்கம் பாதிதான் தெரிந்தது. சைக்கிள் குழுவில் வழக்கமான கூட்டம். எல்லோரும் இருட்டில் ஒளிரும் மஞ்சள் பனியனில், தொந்திகளும் ஒளிர்ந்தன. வீராம்பட்டினம் வரை போய்த் திரும்புதல். முன்னால் கேப்டன். வார நாட்களில் வங்கி மேலாளர், ஞாயிறு மட்டும் கேப்டன்.

என் மனைவி பிலோ கடைசியில் வந்தாள். எப்போதும் எனக்கு முன்னால் போய், திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறவள். அரியாங்குப்பம் பாலத்துக்கு இப்பால் நிறுத்தினாள்.

"இடது பிரேக் புடிக்கலப்பா."

"கேபிள் தளர்ந்திருக்கும்."

"கேபிள் இல்ல. நான் அமுக்குறேன், அது வரமாட்டேங்குது."

"அதுக்குப் பேருதான் கேபிள்."

கல்லூரியில் ஒன்றாகப் படித்து மணந்துகொண்டதில் ஒரு வசதி: மரியாதை இல்லாமல் பேசிக்கொள்ளலாம். ஒரு வசதிக்குறைவு: அதே.

கேப்டனும் வந்து பார்த்துக் கேபிள்தான் என்றார். எங்கள் குழுவுக்கு ஒரு மதம் உண்டு. உடம்பில் எங்கே கோளாறு என்றாலும் அது சைக்கிளில் இருக்கிறது. முதுகு வலியா, சீட்டை ஏற்று. முழங்காலா, சீட்டை இறக்கு. போன வருடம் ஓர் உறுப்பினருக்கு நெஞ்சு வலித்தபோது கியரை மாற்றச் சொன்னோம். பிழைத்துக்கொண்டார். வாயுதான். ஆனால் கியரின் புகழ் நிலைத்துவிட்டது.

பொங்கல் விடுமுறையில் குழுவோடு தரங்கம்பாடி. சைக்கிளிலேயே போய், தங்கி, சைக்கிளிலேயே திரும்புதல். பிலோவின் திட்டம். தேனிலவுக்கு நான் எங்கும் கூட்டிப்போகவில்லை என்பது அவளுடைய பழைய வழக்கு. ஊரெல்லாம் தேனிலவுக்குப் புதுச்சேரிக்கு வரும்போது நாம் எங்கே போவது என்பது என் வாதம். தீர்ப்பு அவள் பக்கம்.

ஜனவரி 6, செவ்வாய்

கல்லூரி முடிந்து நேராக முல்லா வீதி, காதர் பாய் சைக்கிள் கடை.

"என்னா சார், உப்புக் காத்து. இந்த ஊர்ல இரும்பு நிக்குமா?"

இந்த ஊரில் ஜன்னல் கம்பி, மின்விசிறி, நகராட்சி எது நின்றுபோனாலும் உப்புக் காற்றுதான் காரணம். கேபிள், உறை, பிரேக் கட்டை எல்லாம் புதிதாகப் போட்டார். ஒரு விரலால் அமுக்கினார். சக்கரம் நின்றது. நானும் ஒரு விரலால். நின்றது.

"பால்குடிக்கிற புள்ள கூட புடிக்கலாம் சார் இப்ப."

வீட்டில் பிலோ அமுக்கிப் பார்த்தாள். பிறகு வலது கையால் ஒரு தரம் அமுக்கினாள். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8, வியாழன்

விடைத்தாள் திருத்தல். பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. "பணவீக்கம் என்பது பணம் வீங்குவது." அரை மதிப்பெண். தவறு என்று சொல்ல முடியவில்லை.

காலையில் ஊறுகாய் பாட்டில் விழுந்தது. "மெர்த்!" அவள் பிரெஞ்சு டீச்சர். வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாத ஒரே பிரெஞ்சுச் சொல்லை அடுக்களைக்கென்று வைத்திருக்கிறாள்.

ரவிக்கை ஊக்கை மாட்டிவிடச் சொன்னாள். "இடது கை தூங்குது." இந்த வயதில் இப்படி ஒரு சலுகையா என்று மகிழ்ந்தேன். எழுதியே வைக்கிறேன், மகிழ்ந்தேன்.

கைக்குப் பயிற்சி போதவில்லை என்று ரப்பர் பந்து ஒன்று வாங்கி வந்தேன். அமுக்கினாள்.

"பந்து ஜெயிச்சிடுச்சுப்பா."

பயணத்துக்கு: உபரி ட்யூப் 2, பஞ்சர் பசை, காற்று பம்பு, தொப்பி, கடலை மிட்டாய், அவள் ரத்த அழுத்த மாத்திரை, என் ரத்த அழுத்த மாத்திரை (வேறு நிறம், குழப்பக் கூடாது).

ஜனவரி 11, ஞாயிறு

எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் ஓர் ஆட்டோ திடீரென்று திரும்பியது. தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கூடைகளோடு வந்த ஆட்டோ. பிலோ இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். வலதுதான் பிடித்தது. வலது என்றால் முன் சக்கரம். முன் சக்கரம் நின்றது, அவள் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தாள். முகவாய் கிழிந்தது.

குழு முழுவதும் ஓடி வந்தது. கேப்டன் சைக்கிளைத் தூக்கினார். இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றிக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். டிஸ்க் பிரேக்தான் நல்லது என்று ஒரு கட்சி. இல்லை என்று ஒரு கட்சி.

ஆட்டோவில் இருந்த மீன்கார அம்மா இறங்கி, பிலோவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சேலையால் முகவாயை அழுத்திப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யோவ், நீதான் புருஷனா? பொஞ்சாதி ரத்தமா கெடக்குறா, அங்க போயி என்னாத்த நோண்டிக்கினு இருக்குற?"

இடது பிரேக்கை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரலால். சக்கரம் நின்றது.

ஜனவரி 12, திங்கள்

கட்டு மாற்ற மருத்துவமனை. நேற்று தையல் போட்ட இளம் டாக்டர், பெண், நம் மாணவி வயது. தையலைப் பார்த்து முடித்தவர் கையை விடவில்லை.

"என் விரல அமுக்குங்க மேடம். நல்லா."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். இடது கையைத் திருப்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், முதுகுப்புறம், சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். வலது கையில் அங்கே மேடு. தினமும் சாப்பிடும்போது என் எதிரே இருக்கிற கை. நான் பார்த்ததில்லை.

"எவ்ளோ நாளா மேடம்?"

"தீபாவளிக்கு முன்னாடியிலேர்ந்து. போர்டு தொடைக்க டஸ்டர எடுத்தா நழுவும். குளிருன்னு நெனச்சேன்."

தீபாவளிக்கு இங்கே குளிர் இல்லை. அவளுக்கும் தெரியும்.

நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கலாமாம். கழுத்து என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. கழுத்து என்றால் ஹேண்டில்பாரைத் தூக்கிவைக்கலாம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

வெயில். அடுக்கு வீட்டின் மொட்டை மாடியில் எல்லா வீட்டுப் பொங்கலும் வரிசையாக. பிலோ வீட்டுக்காரர்கள் கிறிஸ்தவர்கள். பொங்கலில் அவளுக்கு என்னைவிட ஈடுபாடு. வலது கையால் கிண்டினாள். பானையை நான் பிடித்துக்கொண்டேன்.

குழு தரங்கம்பாடி போய்ச் சேர்ந்துவிட்டது. டேனிஷ் கோட்டை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் படம். பிலோ பார்த்தாள்.

"இவ்ளோ தூரம் ஏறி உக்காந்து போயிட்டு, கடைசில அத தூக்கிக்கிட்டு நிக்கிறானுங்களே."

சிரித்தோம். சிரிக்கும்போது தையல் இழுத்தது. மாலையில் டி.வி.யில் ஒரு பட்டிமன்றம். இறுதிவரை பார்த்தோம், அதிலிருந்தே நிலைமை புரியும்.

ஜனவரி 20, செவ்வாய்

கழுத்து ஸ்கேன் சுத்தம். சுத்தம் என்று கேட்டு நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். நரம்பு டாக்டர் சந்தோஷப்படவில்லை.

ஊசியைத் தசைக்குள் குத்தி மின்சாரம் பார்த்தார்கள். இடது கை, வலது கை, இரண்டு கால், நாக்கு. நாக்கைக் கூடவா.

"வலி இருக்காம்மா?"

"இல்ல சார். ஊசி குத்துறது மட்டுந்தான்."

"மரத்துப் போகுதா?"

"இல்ல. சூடு, குளிர், எல்லாம் தெரியுது."

வலி இல்லை என்று சொன்னதற்கு ஒரு டாக்டரின் முகம் தொங்கிப்போவதை இன்றுதான் பார்த்தேன். வலி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். இந்த ஊரில் இத்தனை பேருக்கு வலி. ஒருவரிடம் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கலாம்.

மோட்டார் நியூரான் நோய். அப்படித்தான் சந்தேகம். தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். ஏன் என்று தெரியாதாம். மருந்து உண்டா? வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார். இதைச் சொல்லும்போது அவர் கை மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது.

இனி மோ.நி. என்று எழுதுகிறேன். ஏதோ உதிரிக் கட்சி மாதிரி இருக்கிறது. தேர்தலில் தோற்கும் கட்சி.

ஜனவரி 21, புதன்

கல்லூரிக்கு விடுப்பு. காரணம்: சொந்த வேலை.

கணினியில் படித்தேன். படிக்காதே என்று எல்லோரும் சொல்லும் பக்கங்களைத்தான். கை, பிறகு மற்றக் கை, பிறகு கால், பேச்சு, விழுங்குதல், மூச்சு. வரிசை மாறலாம் என்று போட்டிருந்தது, சலுகை போல. ஐம்பத்தாறு வயது வரை எதற்கும் குறிப்பு எழுதி வைத்தவன். இதற்கு எழுதவில்லை. தேவைப்படவில்லை, மறக்கமாட்டேன் என்கிறது.

மாலையில் பெரிய மார்க்கெட். கத்திரிக்காய் வாங்கப் போய் வெறும் பையோடு வந்தேன்.

"என்னா வாங்கின?"

"ஒண்ணுமில்ல."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

பூக்கடைகளுக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுகளின் மறைவில் நின்று அழுதேன். இலைக்கட்டுக்காரர் ஒரு தரம் பார்த்தார். "ஓரமா அழுங்க சார், லோடு எறக்கணும்" என்றார். ஓரமாக அழுதேன்.

ஜனவரி 27, செவ்வாய்

சென்னை. இரண்டாவது கருத்து. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், அதே கருத்து.

திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். மரக்காணம் உப்பளம் பக்கம் இரண்டு பேர் மூட்டை கட்டிய சைக்கிளில் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், தோல் கருகி. கழுத்தை வளைத்து அவர்கள் மறையும் வரை பார்த்தாள்.

"எதுத்த காத்து. பாவம்."

அவள் இடது கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். தோலுக்கடியில் ஏதோ துள்ளிக்கொண்டே இருந்தது. அவள் தூங்கிய பிறகும்.

ஜனவரி 31, சனி

சண்டை.

சென்னையிலிருந்து வந்ததும் அவள் சைக்கிளைப் பூட்டிச் சாவியை என் அலமாரியில் வைத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னா இது?"

"விழுந்துடுவ பிலோ."

"விழுவேன். இன்னும் கொஞ்ச நாள்ல உக்காந்த எடத்துலயே விழுவேன். அதுக்கு நாற்காலியப் பூட்டி வெப்பியா?"

"டாக்டர்..."

"டாக்டர் சைக்கிள் ஓட்டாதன்னு சொல்லல. நீ கேக்கவும் இல்ல. கேட்டா சொல்லிடுவாருன்னு பயந்துக்கினு நானும் கேக்கல."

நான் அழ ஆரம்பித்தேன்.

"இங்க பாருப்பா. எல்லாத்தையும் இப்பவே அழுது தீத்துட்டீன்னா அப்புறம் எனக்கு என்னா மிச்சம் இருக்கும்?"

அவளே யோசித்து வைத்திருக்கிறாள். இரண்டு பிரேக்கையும் வலது கைப்பிடிக்கே கொண்டுவந்துவிடலாம்; ஒரே பிடியில் இரண்டு கேபிள். காதர் பாயிடம் அப்படி ஒரு பிடி இருந்தது. எதற்கு என்று கேட்டார். வசதிக்கு என்றேன். மாலைக்குள் முடித்துவிட்டார். நன்றாகப் பிடிக்கிறது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, குழுவிடமும். சொன்னால் சீட்டை ஏற்றச் சொல்வார்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பனி இல்லை. காற்றும் இல்லை. கடற்கரைச் சாலை. காலையில் தடுப்பு வைத்திருக்கும் நேரம், வண்டி வராது. நாங்கள் இருவர் மட்டும்; குழு வேறு எங்கோ.

ஏறும்போது நான் சீட்டைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். ஏறிவிட்டாள். கொஞ்சம் ஆடி, நேராகிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன், ஒரு சைக்கிள் இடைவெளியில். நடைப்பயிற்சிக்காரர்கள், நாய் கூட்டிவந்தவர்கள், கல் மேல் உட்கார்ந்து கடலைப் பார்ப்பவர்கள். அவள் ஒருவரையும் இடிக்கவில்லை.

"பின்னாடி வராதப்பா."

"ஏன்?"

"நான் புடிக்கிறதுக்கு முன்னாடி நீ பிரேக் புடிக்கிற. சத்தம் கேக்குது. எனக்குப் பயமாயிடுது. முன்னாடி போ. திரும்பிப் பாக்காத."

முன்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. இதுவரை செய்ததில் இதுதான் கடினமான சைக்கிள் பயணம். எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். யார் முகமாவது பதறினால் அவள் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். ஒருவர் முகமும் பதறவில்லை. ஒரு பாட்டிகூட அவளைப் பார்த்துச் சிரித்தார் போலிருந்தது, என்னைத் தாண்டி.

தெற்குக் கோடியில் தடுப்பு. காலை ஊன்றி நின்றேன். அவள் நிற்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அவள் சைக்கிள் என் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு வந்து என் மேல் மெல்ல முட்டியது. விழவில்லை. அவள் தலை என் முதுகில் சாய்ந்திருந்தது.

"நிப்பாட்ட முடியலப்பா. உம்மேல நிப்பாட்டிக்கிட்டேன்."

"பிரேக்..."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. இப்ப இந்தக் கையும் வரமாட்டேங்குது."

திரும்பினேன். வலது கையை முன்னால் நீட்டிப் பிடித்து, யாரோ கொடுத்த சாமானைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் தலையசைத்தாள்.

போலீஸ்காரர் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சார், டைம் ஆச்சு, வண்டி விடணும். ஓரமா வாங்கம்மா."

அந்தப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. அவள் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துப் பூட்டினேன். அவளை என் பின்னால் நிற்கச் சொல்லி, என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், கடந்துவிடலாம் என்றேன்.

"புடிச்சிருக்கேன். போ."

முதுகில் பிடி ஒன்றும் தெரியவில்லை.