எழுதாமல் விட்ட ஒரு வரி

ஜெபா, என் ஜெபமணி,

மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடம். அப்போதுதான் எனக்குச் சேதி வந்தது. நான் ஃபேக்டரி ஜெனரேட்டர் ஷெட்டில் இருந்தேன். ஆபீஸ் கிளார்க் வாசலில் நின்று வாயை அசைத்தார். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினார். நான் உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எது நடந்தாலும் முதலில் மணி பார்க்கிற பழக்கம் எனக்கு. பிறகுதான் என்ஜினை நிறுத்தினேன். "உங்க வீட்டம்மாவ வெட்டிட்டாங்க சார்" என்று அவர் கத்திச் சொன்னார். என்ஜின் நின்றது தெரியாமல் கத்தினார்.

நம் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நீ கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கூப்பிட்டாயா?

என்னைப் போல வீட்டிலேயே ரேடியோ வைத்துப் பேசுகிற நண்பர்கள் மாதாமாதம் சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்புவார்களே, அந்த இதழுக்குத்தான் இதை எழுதுகிறேன். உன்னோடு அவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். உனக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் கல்லறைப் பக்கம் போய் வாயால் சொல்லியிருப்பேன்.

நீ முதலில் கேட்பது எது என்று தெரியும். தங்கையா பிழைத்துக்கொண்டான். வயிற்றில் குத்துப்பட்டு நம் வீட்டுத் தரையில் கிடந்தானே, அவன்தான். நேற்று கஞ்சி குடித்தானாம். இன்னும் உன் சேதி அவனுக்குத் தெரியாது. "சிஸ்டர் வரலையா?" என்று கேட்கிறானாம்.

என் அப்பா கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்தார். வேற்று மதத்துப் பெண் என்று எழுபத்திரண்டில் நம் கல்யாணத்துக்கு வராத மனிதர். உன் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ற சாமி, அந்தப் புள்ள கையில ஒருவாய்த் தண்ணி வாங்கிக் குடிக்காமப் போயிட்டனேடா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஜெபா. உடம்பில் எங்கோ ஃபியூஸ் போன மாதிரி இருக்கிறது.

நண்பர்களுக்காக நம் ரேடியோ ஸ்டேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ வந்தபோது இந்த வீட்டில் அடுப்பைவிட ரேடியோ பெரிதாக இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே அடித்த மேசை. அதன்மேல் கோயமுத்தூர்ப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பட்டாளத்து ரிசீவர். பக்கத்தில், எரிந்துபோன ஃபேக்டரி மோட்டாரிலிருந்து கம்பி உரித்து, ஏழு மாதம் உட்கார்ந்து நான் கட்டிய டிரான்ஸ்மிட்டர். வாசல் சில்வர் ஓக் மரத்திலிருந்து தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு மேலே போகிற ஏரியல் கம்பி. படிக்கிற காலத்திலிருந்து மோர்ஸ் தந்திக் குறிகளைத் தட்டித் தட்டி, பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தேன். நீ அதன் பக்கத்தில் ஏசுநாதர் படத்தை மாட்டினாய்.

டிரான்ஸ்மிட்டரின் கண்ணாடி வால்வுகள் சிவந்து எரிவதை முதல் தடவை பார்த்துவிட்டு நீ கேட்டது நினைவிருக்கிறதா? "இந்த மலைக் குளிர்ல மாவு பொங்க மாட்டேங்கு. இதுக்குப் பக்கத்துல வைக்கட்டா?"

"ஐந்நூறு வோல்ட்டுங்க அது. தொட்டா ஆளு காலிங்க."

"கட்டுன பொண்டாட்டிக்கு எதுக்கு இத்தன 'ங்க'? உங்க ஊர்ல ஆட்டுக்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதான் மேய்ப்பீங்களோ?"

அன்றிலிருந்து இட்லி மாவு டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில்தான் பொங்கியது. ஆஸ்திரேலியாவோடு பேசிய மறுநாள் இட்லி பூவாக இருந்தது. "இது ஆஸ்திரேலியா இட்லி" என்று லயம் முழுக்கக் கொடுத்தாய்.

ஒரு தொந்தரவு மட்டும் தீரவே இல்லை. நான் பேசினால் லயத்து டிரான்சிஸ்டர்களில் எல்லாம் என் குரல் கரகரவென்று புகுந்துவிடும். என்ன பேசுகிறேன் என்று புரியாது. பேசுகிறேன் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். பாக்கியம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார்: "பாட்டுல நல்ல எடம் வாரப்போ பாத்து வந்து கொரகொரங்கீரே தம்பி! தொண்டையில மீன் முள்ளா?"

இன்னொன்று, நோட்டு. எங்கள் ஆட்களுக்குத் தெரியும். லைசென்ஸ் சட்டப்படி பேசியதையெல்லாம் அதில் எழுத வேண்டும். தேதி, மணி, யாரோடு, எவ்வளவு நேரம். யாரும் பதில் சொல்லாமல் வெறும் காற்றைக் கூப்பிட்டிருந்தாலும் எழுத வேண்டும். எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. உனக்கும் இருந்தது. "எங்க வீட்டுக்காரரு தும்முனாக்கூட மணி போட்டு எழுதிருவாரு" என்று டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய்.

தோட்டத்தில் வேலைநிறுத்தம் ஐந்தாவது வாரத்துக்குப் போயிருந்தது; ஆபீஸுக்குக் கரண்ட் கொடுக்க ஜெனரேட்டரை மட்டும் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குத் திரும்பலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் நீ போவதற்கு முந்தின நாள் காலையில் பெயர்ப்பதிவுக் களத்தில் மோதினார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி தங்கையாவின் வயிற்றில் ஏறியது. டிஸ்பென்சரியைக் கம்பெனி பூட்டியிருந்தது. அதனால் அவன் தம்பி செல்லத்துரை அவனைத் தோளில் போட்டு நர்ஸ் வீட்டுக்குத் தூக்கிவந்தான். நீ கிழித்த சேலையைப் பந்தாகச் சுருட்டி, காயத்துக்குள் அழுத்தி, அதன்மேல் உன் முழு உடம்பையும் சாய்த்து உட்கார்ந்தாய். உன் முழங்கைவரை சிவப்பு. போன் கம்பியை அறுத்திருந்தார்கள். வண்டிப்பெரியார் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"உங்க பெட்டியில சொல்லுங்க. டாக்டரு வரணும்."

"நம்ம பேச்சுத்தான் பேசலாம் ஜெபா. அடுத்தவங்க சேதிய அனுப்பக் கூடாது. லைசென்ஸ் போயிருமுங்க."

"குடலு என் கையில கெடக்கு. நீங்க சட்டம் பேசுதீங்களா?"

காலை பத்து இருபதுக்குக் கூப்பிட்டேன். கோட்டயத்து நண்பர் ஒருவர் எடுத்தார். அவர் ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். நான் போலீஸைக் கூப்பிடவில்லை. ஆனால் மரம் போட்டு மறித்த ரோட்டில் ஆம்புலன்ஸ் தனியாக வராது. அதற்கு முன்னால் இரண்டு போலீஸ் வண்டிகள் வந்தன. தங்கையாவை ஏற்றி அனுப்பிய பிறகும் அவை திரும்பிப் போகவில்லை. போலீஸ்காரர்கள் லயத்துக்குள் இறங்கினார்கள். கதவுகளை உதைத்தார்கள். பெண்களை முடியைப் பிடித்து முற்றத்தில் இழுத்தார்கள். அண்ணனைத் தூக்கிவந்த செல்லத்துரையின் முன்பற்கள் துப்பாக்கிக் கட்டையில் போயின. நீயும் நானும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

சாயங்காலம் நீ தரையைக் கழுவினாய். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினால் அடுத்தவர் சேதி அனுப்பியதை நானே ஒப்புக்கொண்டதாகும். லைசென்ஸ் ஃபிரேமைப் பார்த்தேன். அதை வாங்க ஏழு வருஷம், ஜெபா. பேனாவை மூடினேன்.

"என்ன பண்ணுதீங்க?" என்று நீ கேட்டாய்.

"எழுதிட்டிருக்கேன்" என்றேன்.

உன்னிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது. உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு, எழுதியிருந்தாலும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று கோட்டயத்து நண்பர் இப்போது சொல்கிறார். இப்போது.

மறுநாள் நடந்தது எனக்குப் பாக்கியம் அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பன்னெண்டு பேரு இருக்கும் தம்பி. 'பெட்டிக்காரன் எங்கல? போலீசக் கூப்புட்டது அவன்தான, நம்ம ரேடியோவுலதான் கொரகொரத்தானே'ன்னு வாசல்ல நின்னு சத்தம். இவ வெளிய வந்தா. 'அவரு டாக்டரத்தாம்ல கூப்புட்டாரு. நம்பலன்னா நில்லுங்க, எழுதி வச்சிருப்பாரு, நீங்களே படிச்சுக்கிடுங்க'ன்னு உள்ள போயி நோட்டத் தூக்கிட்டு வாரா. எல்லாரும் அடங்கி நின்னாங்க தம்பி. நான் பொய் சொல்லல. பார்ப்போம்னு நின்னாங்க. இவ தாளத் திருப்புதா. முன்னாடி திருப்புதா, பின்னாடி திருப்புதா. மொகம் வெளுத்துப்போச்சு. பொறவு நோட்ட மூடி நெஞ்சோட வச்சுக்கிட்டு, 'எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன்'னா."

நீ எதற்கு அப்படிச் சொன்னாய்?

முதல் கல் உன் தோளில் பட்டது. யாரோ ஏரியல் கம்பியை இழுத்து அறுத்தார்கள். சிலர் வீட்டுக்குள் புகுந்து டிரான்ஸ்மிட்டரைக் கோடரிக் காம்பால் அடித்தார்கள். நீ வாசலை விட்டு நகரவில்லை. செல்லத்துரை கவாத்துக் கத்தியோடு படியேறினான். அவன் விரலுக்கு நீ இரண்டு மாதம் கட்டுப் போட்டாய். உன்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். ஒரே வெட்டு, கழுத்தும் தோளும் சேர்கிற இடத்தில். நான் ஓடிவந்தபோது வால்வுக் கண்ணாடியும் மாவும் ரத்தமும் படிவரை ஒன்றாகக் கிடந்தன. நோட்டு உன் கைக்குள் இருந்தது. போலீஸ்காரர் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்ததை உனக்குச் சொல்லக் கூசுகிறது. ஆனால் சொல்வேன்.

உன்னை மண்ணில் வைத்த மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். லாக்கப் கதவைத் திறந்து, தன் லத்தியை என் கையில் கொடுத்தார். "அஞ்சு நிமிஷம் உண்டு. ஞான் ஒரு சாயா குடிச்சிட்டு வராம்" என்று சிரித்தார். உள்ளே செல்லத்துரை சுவரோரம் குந்தியிருந்தான். நான் அடித்தேன். முதல் அடியில் தோள் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது, ஜெபா. முட்டியில் அடித்தேன். வாயில் அடித்தேன், அங்கே பல் இல்லை. கை வலித்தது, நிறுத்தவில்லை. அவனைக் கொன்றிருப்பேன். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, அந்த நோட்டுல ஏண்ணே எழுதல?"

லத்தி என் கையில் இருந்தது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அக்கா தாளத் திருப்பையில நானும் வேண்டிக்கிட்டேன் அண்ணே, இருக்கணுமேன்னு. இருந்திருந்தா எல்லாவனையும் நானே அடிச்சுத் தொரத்தியிருப்பேன்."

லத்தியைக் கீழே போட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை. எழுதாத ஒரு வரிக்காக ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தி வைக்க எவனுக்கும் உரிமை இல்லை. அவன் தூக்கில் தொங்கினால் எனக்குத் துக்கம் இருக்காது. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் கையைக் கழுவினேன்.

இப்போது துரைக்கு என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. மேனேஜர்தான், நீ 'ஒட்டடைக்குச்சி' என்று சொல்வாயே, அவர். மலையாளத்தில் டைப் அடித்த வாக்குமூலம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பன்னிரண்டு பேரும் கூடிப் பேசி, உன்னைக் கொல்லவே வந்தார்கள்; சங்கச் செயலாளர் ஏவிவிட்டார். இவ்வளவுதான் அதில். செயலாளர் அன்று ஊரிலேயே இல்லை, அது துரைக்கும் தெரியும். என்ஜின் நின்றால் என்னைக் கூப்பிட வீட்டில் கம்பெனி போன் வைத்திருக்கிறதல்லவா, அறுந்த கம்பியை ஒட்டிவிட்டார்கள், நேற்றிலிருந்து அதில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

"ஒரு கையெழுத்து வேலு. உன் பொண்டாட்டிக்கு நியாயம் கிடைக்கும், நாளைக்கே ஸ்ட்ரைக்கும் முடியும்."

"அவங்க கொல்லணும்னு வரலீங்க துரை."

"நீ பாத்தியா? அப்புறம் அந்த நோட்டு. அன்னைக்குத் தேதிக்குக் கீழ எடம் காலியா இருக்குல்ல? இன்ஸ்பெக்டர் குடுத்தனுப்புவார். டாக்டரைக் கூப்பிட்டேன்னு ஒரு வரி போட்டுடு. நடந்ததுதானே? யாருக்குத் தெரியும்?"

நடந்ததுதான். ஒவ்வொரு எழுத்தும் உண்மையாக இருக்கும். ஆனால் அதை இப்போது எழுதினால், நீ அவர்களுக்கு அந்த வரியைக் காட்டினாய், காட்டிய பிறகும் வெட்டினார்கள் என்று ஆகிவிடும். உண்மையை எழுதியே பன்னிரண்டு பேரைத் தூக்குக்கு அனுப்பலாம். அதற்கு மனது வரவில்லை என்று சொன்னால் பொய், ஜெபா. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். லயம் முழுவதும் எரிந்தாலும் சரி என்று தோன்றுகிற நேரம் ஒரு நாளைக்குப் பல தடவை வருகிறது.

நாளை காலை பத்து மணிக்கு மஜிஸ்ட்ரேட் முன்னால் நிற்கிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கத்தி வைத்தவன் செல்லத்துரை ஒருவன் என்று சொல்வேன். கல் எறிந்தவர்களைக் கல் எறிந்தவர்கள் என்று சொல்வேன், அதற்குமேல் ஒரு சொல் கூட்ட மாட்டேன். லயத்தில் போலீஸ் செய்ததைச் சொல்வேன். லாக்கப்பில் நான் செய்ததையும் சொல்வேன். அடுத்தவர் சேதியை அனுப்பினேன், லைசென்ஸுக்குப் பயந்து எழுதாமல் விட்டேன் என்று சொல்வேன். எழுத வேண்டாம் என்று நீ சொல்லவே இல்லை. உன் உதட்டில் இருந்த கடைசி வார்த்தை எனக்காகச் சொன்ன பொய். அதை உன் பெயரில் விட்டுவைக்க மாட்டேன். அது என்னுடையது, திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

லைசென்ஸை ஃபிரேமிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுத்துவிட்டு வருவேன்.

இதை எழுதி முடிப்பதற்குள் துரை நான்கு தடவை அடித்துவிட்டார். ஐந்தாவது தடவை மணி அடிக்கும்போதே ஸ்குரூ டிரைவரை எடுத்து, சுவரிலிருந்து இரண்டு கம்பிகளையும் கழற்றினேன். போன் நின்றுவிட்டது.

உன் வீட்டுக்காரன்,
வேலுச்சாமி